பழைய அவுட்லுக்கில் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால்: ‘யெஸ்’ அழுத்துமுன் செய்ய வேண்டியவை

கொழும்பில் புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் பல கடைகளின் பின்னறையில் இன்னும் விண்டோஸ் 7 கணினிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் அவுட்லுக் 2007 அல்லது 2010. பில் போடும் மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது, பழைய கடிதங்கள் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள், மாற்றப்போனால் எது தொலையுமோ என்ற பயம் வேறு. இப்படி ஒரு கணினியில் காலையில் அவுட்லுக்கைத் திறந்ததும் ‘இன்டர்நெட் செக்யூரிட்டி வோர்னிங்’ என்று ஒரு சிறு பெட்டி வந்து நிற்கும். கீழே ‘யெஸ்’, ‘நோ’ என்று இரண்டு பட்டன். ‘யெஸ்’ அழுத்தினால் மெயில் வருகிறது. நாளைக்கும் அதே பெட்டி, அதே ‘யெஸ்’.

இந்தப் பழக்கம்தான் ஆபத்து. சான்றிதழ் என்பது சேர்வர் (உங்கள் மெயிலை வைத்திருக்கும் தூரத்துக் கணினி) தன்னை யாரென்று நிரூபிக்கக் காட்டும் அடையாள அட்டை. அந்தப் பெட்டி கேட்கும் கேள்வி இதுதான்: “உங்கள் பாஸ்வேர்டை வாங்கப்போகும் சேர்வர் உண்மையில் உங்கள் சேர்வர்தானா என்று எனக்கு உறுதியில்லை. பரவாயில்லை, கொடுத்துவிடவா?” தினமும் ‘யெஸ்’ அழுத்திப் பழகிய கைக்கு, உண்மையிலேயே ஒருவன் நடுவில் புகுந்திருக்கும் நாளில் வரும் பெட்டியும் அதே பெட்டியாகத்தான் தெரியும். இறக்குமதி வியாபாரத்தில் மெயிலுக்குள் நுழைந்தவன் செய்யும் முதல் வேலை, இன்வொய்ஸில் இருக்கும் வங்கிக் கணக்கு இலக்கத்தை மாற்றுவது. காசு போன பிறகுதான் தெரியவரும்.

நல்ல செய்தி, இந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை கள்ளன் வேலை அல்ல. கடிகாரம் பிழை, சேர்வர் பெயர் பிழை, கணினியிடம் இருக்கும் நம்பிக்கைப் பட்டியல் பழையது என்ற மூன்றில் ஒன்றாகவே இருக்கும். எது என்று பெட்டியே சொல்கிறது. யாரும் வாசிப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு பிரதி

எதையும் தொடுவதற்கு முன் மெயில் கோப்பை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். பொப்3 முறையில் மெயில் எடுக்கும் கணினி என்றால் இது கட்டாயம். அந்த முறையில் பெரும்பாலும் மெயில் சேர்வரில் இருந்து இறங்கி, அங்கே அழிந்து, இந்தக் கணினியில் மட்டுமே இருக்கும்.

அவுட்லுக்கை முழுதாக மூடுங்கள். அவுட்லுக் 2010 என்றால் ‘டொக்குமென்ட்ஸ்’ உள்ளே ‘அவுட்லுக் ஃபைல்ஸ்’ என்ற அடைவில் பிஎஸ்டி கோப்பு இருக்கும். 2007 என்றால் பயனரின் ‘ஆப்டேட்டா’ அடைவுக்குள் ‘லோக்கல்’, ‘மைக்ரோசொஃப்ட்’, ‘அவுட்லுக்’ என்று உள்ளே போக வேண்டும். ‘ஆப்டேட்டா’ மறைந்திருக்கும் அடைவு. தேடி அலைய வேண்டாம் என்றால், அக்கவுண்ட் செட்டிங்ஸில் ‘டேட்டா ஃபைல்ஸ்’ என்ற பக்கத்தைத் திறந்தால் கோப்பு எங்கே இருக்கிறது என்று அங்கேயே எழுதியிருக்கும். கோப்பின் அளவையும் பாருங்கள். அவுட்லுக் 2002 வரையான பழைய வடிவக் கோப்பு 2 ஜிபியைத் தாண்ட முடியாது. 2003, 2007 வடிவத்துக்கு 20 ஜிபி, 2010 முதல் 50 ஜிபி. எல்லையை நெருங்கிவிட்ட கோப்பு என்றால் சான்றிதழைச் சரிசெய்தாலும் மெயில் வராது. பிழை வேறு இடத்தில் இருக்கும்.

பெட்டியை வாசிப்பது

எச்சரிக்கை வந்ததும் இரண்டு பட்டனையும் விட்டுவிட்டு ‘வியூ சேர்டிஃபிகேட்’ என்பதை அழுத்துங்கள். திறக்கும் ஜன்னலில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ‘ஜெனரல்’ பக்கத்தில் சான்றிதழ் யாருக்குக் கொடுக்கப்பட்டது, யார் கொடுத்தது, எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை என்று இருக்கும். ‘டீடெயில்ஸ்’ பக்கத்தில் ‘சப்ஜெக்ட் ஓல்டர்னேட்டிவ் நேம்’ என்ற வரியில் அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். ‘சேர்டிஃபிகேஷன் பாத்’ பக்கத்தில் ஒரு சிறு மரம்போல வரும்; உச்சியில் இருப்பது மூலச் சான்றிதழ். அதில் சிவப்புக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றையும் போனில் படமெடுத்து வையுங்கள். உங்கள் மெயிலையும் வெப்சைட்டையும் தன் சேர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பனியுடன் பேசும்போது இந்த மூன்று படமும் அரை மணி நேர வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும்.

பிறகு எச்சரிக்கையில் இருக்கும் ஆங்கில வரி. அது இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்:

- ‘நொட் விதின் இட்ஸ் வலிடிட்டி பீரியட்’ என்ற சொற்கள் இருந்தால் திகதிப் பிரச்சினை.
- ‘டார்கெட் பிரின்சிபல் நேம் இஸ் இன்கரெக்ட்’ என்றால் பெயர்ப் பிரச்சினை.
- ‘டேர்மினேட்டட் இன் எ ரூட் சேர்டிஃபிகேட் விச் இஸ் நொட் டிரஸ்டட்’ என்றால் மூலச் சான்றிதழ் பிரச்சினை.

சில வேளை ‘செக்யூரிட்டி அலேர்ட்’ என்ற தலைப்பில் வேறு வடிவப் பெட்டி வரும். அதில் மூன்று வரிகள், ஒவ்வொன்றுக்கும் பச்சை அல்லது சிவப்புக் குறி. எந்த வரியில் பச்சை இல்லையோ அதுதான் பிழை. இந்த வடிவம் பெரும்பாலும் அவுட்லுக் தானாகவே செட்டிங்ஸைத் தேடப்போகும் ‘ஓட்டோடிஸ்கவர்’ வேலையின்போது வருவது. ஆகவே பெட்டியின் மேலே எந்த சேர்வர் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அது உங்கள் மெயில் சேர்வராக இல்லாமல் கம்பனியின் வெப்சைட் பெயராக இருந்தால், அவுட்லுக் செட்டிங்ஸை எவ்வளவு மாற்றியும் பயனில்லை. வெப்சைட் பக்கத்தில் சான்றிதழ் போட வேண்டும்.

கடிகாரம்

மிக மலிவான பிழை இது. அதனாலேயே பலர் கடைசியாகப் பார்க்கிறார்கள். கணினியின் வலது கீழ் மூலையில் நேரம் சரியாக இருக்கலாம், வருடத்தைப் பாருங்கள். கணினி 2009இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், இன்று கொடுக்கப்பட்ட சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை.

காரணம் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவப் பற்றரி. சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். கணினி சுவர் மின்சாரத்தில் இணைந்திருக்கும் வரை, நிறுத்தி வைத்திருந்தாலும், கடிகாரம் அந்த மின்சாரத்தில்தான் ஓடும். இரவில் கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையே இறக்கிவிடும் இடங்களில் கடிகாரம் இரவு முழுவதும் பற்றரியைத் தின்கிறது. நெருப்புப் பயத்தில் செய்வது. அது சரியான வேலைதான். ஆனால் பற்றரி சீக்கிரம் போகும், திங்கட்கிழமை காலையில் எச்சரிக்கை வரும். ‘ஒவ்வொரு திங்களும் மட்டும்’, ‘பெருநாள் விடுமுறைக்குப் பிறகு மட்டும்’ என்று யாராவது சொன்னால் வேறெதையும் தேட வேண்டாம்.

மாற்றும் முறை: மின் வயரைக் கழற்றுங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்சாரத்தை விடுங்கள். மூடியைத் திறந்து, பற்றரியின் ஓரத்தில் இருக்கும் சிறு உலோகக் கொக்கியை வெளிப்பக்கம் மெதுவாகத் தள்ளினால் பற்றரி தானே மேலே எழும்பும். ஸ்குரூ டிரைவரால் கெம்ப வேண்டாம், பிடி உடைந்தால் மதர்போர்ட் போகும். புதியதை கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து அழுத்துங்கள். கணினியை ஏற்றி பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்குமுன் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) போய் திகதியையும் நேரத்தையும் வைத்துச் சேமியுங்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் எந்தக் கணினிக் கடையிலும் இந்தப் பற்றரி கிடைக்கும். கணினிக் கடைவரை போக நேரமில்லையென்றால் கைக்கடிகாரம் திருத்தும் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம்.

விண்டோஸ் தானே இணையத்தில் நேரத்தைச் சரிசெய்துகொள்ளாதா என்று கேட்பீர்கள். சிறு பிழையென்றால் செய்யும். தனிக் கணினியில் 15 மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விண்டோஸின் நேரச் சேவை அதைத் தானாகத் தொடாது. ஆகவே முதலில் கையால் சரியான திகதியை வையுங்கள். பிறகு ‘இன்டர்நெட் டைம்’ பக்கத்தில் ‘அப்டேட் நவ்’ அழுத்துங்கள். நேர வலயப் பட்டியலில் ‘கொழும்பு’ என்று தேடினால் கிடைக்காது. ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்று இருக்கும். அதன் பக்கத்தில் 05:30 என்று இருக்க வேண்டும். திருத்தப்படாத விண்டோஸ் எக்ஸ்பியில் 06:00 என்று காட்டும். இலங்கை 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது; அந்தக் கணினிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அரை மணி நேரப் பிழை சான்றிதழைப் பெரும்பாலும் குழப்பாது, ஆனால் அனுப்பும் மெயில்களின் நேரம் எல்லாம் தவறாகப் போகும்.

கணினியின் திகதி சரியாக இருந்து, சான்றிதழின் முடிவுத் திகதி கடந்துவிட்டிருந்தால் பிழை உங்கள் பக்கம் இல்லை. சேர்வரில் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். ஹோஸ்டிங் கம்பனிக்குப் படத்தை அனுப்பிவிட்டு, அதுவரை பிரௌசரில் வெப்மெயிலைப் பாருங்கள். அங்கும் இதே எச்சரிக்கை வந்தால் பாஸ்வேர்ட் போடாதீர்கள்.

பெயர்

இலங்கைச் சிறு நிறுவனங்களில் அதிகம் வருவது இதுதான். காரணமும் ஒரே மாதிரி. கம்பனிக்கு ஒரு டொட் எல்கே பெயர் இருக்கும். மெயிலும் வெப்சைட்டும் பல கம்பனிகள் பகிர்ந்துகொள்ளும் ஒரே சேர்வரில் இருக்கும். முன்னொரு காலத்தில் யாரோ வந்து அவுட்லுக்கில் ‘மெயில் டொட் கம்பனிபெயர் டொட் எல்கே’ என்று போட்டுக் கொடுத்திருப்பார். ஆனால் சேர்வர் நீட்டும் சான்றிதழிலோ ஹோஸ்டிங் கம்பனியின் சொந்த சேர்வர் பெயர் இருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்று அவுட்லுக் சொல்கிறது. சரியாகத்தான் சொல்கிறது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, நீங்கள் சேர்வரின் பெயருக்கு மாறுவது. மற்றது, சேர்வர் உங்கள் பெயருக்கும் சான்றிதழ் எடுப்பது. இரண்டாவது நல்லது, ஏனென்றால் நாளை ஹோஸ்டிங் மாற்றினாலும் செட்டிங்ஸ் மாறாது. ஆனால் முதலாவது ஐந்து நிமிட வேலை.

முதலாவது வழி. ‘சப்ஜெக்ட் ஓல்டர்னேட்டிவ் நேம்’ வரியில் கண்ட பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை அப்படியே நம்பிப் போடக்கூடாது. ஹோஸ்டிங் கம்பனி அனுப்பிய பழைய மெயிலிலோ, ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் உங்கள் மெயில் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கும் ‘கனெக்ட் டிவைசஸ்’ பக்கத்திலோ அதே பெயர் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். கள்ள சேர்வரின் சான்றிதழிலும் ஏதோ ஒரு பெயர் இருக்கும் அல்லவா. பெயர் உறுதியானதும்:

1. அவுட்லுக் 2010இல் ‘ஃபைல்’, ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’. 2007இல் ‘டூல்ஸ்’, ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’. கணக்கின் மீது இரட்டைக் கிளிக்.
2. உள்வரும் சேர்வர், வெளிச்செல்லும் சேர்வர் என்று இரண்டு பெட்டி. இரண்டிலும் புதிய பெயர். வெளிச்செல்லும் சேர்வரை மாற்ற மறப்பதுதான் வழமை. பெற முடியும், அனுப்பும்போது மட்டும் எச்சரிக்கை வரும்.
3. ‘மோர் செட்டிங்ஸ்’, ‘அட்வான்ஸ்ட்’. அங்கே இணைப்பு இலக்கம் (போர்ட்): ஐமேப் (மெயிலை சேர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) என்றால் 993, பொப்3 என்றால் 995, இரண்டுக்கும் எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்கம். அனுப்புவதற்கு 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் அதன் புதிய வடிவமான டிஎல்எஸ். இலக்கத்தையும் வகையையும் மாற்றிக் கோர்த்தால் இணைப்பு தொங்கிக்கொண்டு நிற்கும்.
4. ‘அவுட்கோயிங் சேர்வர்’ பக்கத்தில், அனுப்பும் சேர்வருக்கும் உள்நுழைவு தேவை என்ற இடத்தில் சரி போடுங்கள்.
5. அவுட்லுக்கை மூடித் திறந்து, உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள்.

விண்டோஸ் லைவ் மெயிலில் கணக்கின் மீது வலது கிளிக், ‘புரொப்பர்ட்டீஸ்’. ‘சேர்வர்ஸ்’ பக்கத்தில் பெயர், ‘அட்வான்ஸ்ட்’ பக்கத்தில் இலக்கம்.

இரண்டாவது வழிக்கு சிபேனலின் பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்க வேண்டும். ‘எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் ஸ்டேட்டஸ்’ பக்கத்தில் உங்கள் டொமைனின் கீழ் ‘மெயில்’ என்று தொடங்கும் பெயரைப் பாருங்கள். சிவப்புப் பூட்டு என்றால் அதைத் தெரிவுசெய்து ‘ரன் ஓட்டோஎஸ்எஸ்எல்’ அழுத்துங்கள். சில நிமிடத்தில் பச்சையாகாவிட்டால் பெரும்பாலும் டிஎன்எஸ் பதிவில்தான் (ஒரு பெயர் எந்த சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) கோளாறு: அந்த ‘மெயில்’ பெயர் வேறு எங்கோ காட்டுகிறது, அல்லது வெப்சைட்டுக்கு முன்னால் நிற்கும் இடைச் சேவையான கிளவுட்ஃபிளேரின் மேகத்துக்குப் பின்னால் நிற்கிறது. கிளவுட்ஃபிளேரில் அந்தப் பதிவின் மேகம் சாம்பல் நிறத்தில், ‘டிஎன்எஸ் ஒன்லி’ என்று இருக்க வேண்டும். செம்மஞ்சள் மேகம் வெப்சைட்டுக்கு மட்டும்தான். மெயில் அதன் வழியாகப் போகாது.

இங்கே ஒரு தவறான வைத்தியத்தைச் சொல்லிவிட வேண்டும். ‘இன்ஸ்டோல் சேர்டிஃபிகேட்’ என்ற பட்டனைப் பார்த்ததும் பலர் அதை அழுத்தி, சேர்வரின் சான்றிதழையே மூலச் சான்றிதழ்ப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். பெயர் பொருந்தாத சான்றிதழ் எங்கே வைத்தாலும் பெயர் பொருந்தாது. எச்சரிக்கை மறுநாளும் வரும். பெட்டிக்குள் தேவையில்லாத ஒரு நம்பிக்கை மட்டும் மிஞ்சும்.

மூலச் சான்றிதழ்

விண்டோஸிடம் தான் நம்பும் சான்றிதழ் வழங்குநர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. சேர்வரின் சான்றிதழ் சங்கிலியாக மேலே போய் அந்தப் பட்டியலில் உள்ள ஒரு பெயரில் முடிய வேண்டும். பட்டியல் பழையதென்றால் சேர்வரில் எந்தக் குற்றமும் இல்லாமலே எச்சரிக்கை வரும்.

இப்படிப் பெரிய அளவில் நடந்தது 2021 செப்டெம்பர் 30. ஹோஸ்டிங் கம்பனிகள் பரவலாகப் பாவிக்கும் இலவச வழங்குநரான லெட்ஸ் என்க்ரிப்ட், ‘டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3’ என்ற பழைய மூலத்தில் சாய்ந்திருந்தது. அது அன்று காலாவதியானது. அதன் இடத்துக்கு வந்தது ‘ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1’. இந்தப் பெயரை அறியாத கணினிகள் அன்றிலிருந்து முறைப்பாடு செய்கின்றன. 2020 மே 30 அன்று ‘அட்டிரஸ்ட் எக்ஸ்டேர்னல்’ என்ற மூலம் காலாவதியானபோதும் இதே கதைதான்.

விண்டோஸ் 7 சாதாரணமாக இந்தப் பட்டியலைத் தானே மைக்ரோசொஃப்டிடம் இருந்து எடுத்துக்கொள்ளும். டேட்டா மிச்சம் பிடிப்பதற்காக மைக்ரோசொஃப்ட் முகவரிகளை ஒட்டுமொத்தமாக அடைத்துவிட்ட கணினிகளில்தான் அது நின்றுபோகிறது. ஆகவே முதலில் அந்த அடைப்பை எடுத்துவிட்டு, அதே ஹோஸ்டிங்கின் வெப்மெயில் பக்கத்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11இல் ஒருமுறை திறந்து பாருங்கள். அது விண்டோஸின் பட்டியலையே பாவிப்பதால், தேவையான மூலத்தை விண்டோஸ் அப்போதே இறக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. ஃபயர்ஃபொக்ஸில் திறந்து பார்ப்பதில் பயனில்லை; அதற்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. அங்கே எச்சரிக்கை இல்லாமல் திறப்பதை வைத்து ‘விண்டோஸ் சரி’ என்று முடிவுகட்டக்கூடாது.

அது பலிக்கவில்லை, சங்கிலியின் உச்சியில் ஐஎஸ்ஆர்ஜி பெயர்தான் இருக்கிறது என்றால் கையால் போடலாம்:

1. புதிய கணினி ஒன்றில் லெட்ஸ் என்க்ரிப்டின் சொந்த வெப்சைட்டுக்குப் போய், சான்றிதழ்கள் பக்கத்தில் ‘ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1’ கீழ் ‘செல்ஃப்-சைன்ட்’ என்பதன் டிஇஆர் கோப்பை இறக்குங்கள். பக்கத்திலேயே ‘குறொஸ்-சைன்ட்’ என்று இன்னொன்று இருக்கும், அது வேண்டாம். வேறு எந்தத் தளத்தில் இருந்தும், வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதில் இருந்தும் எடுக்க வேண்டாம். ஒரு கள்ள மூலச் சான்றிதழ் உள்ளே போனால் அதைக் கொடுத்தவன் எந்த வங்கியின் பெயரிலும் உங்களுக்குப் பக்கம் காட்டலாம்.
2. பென் டிரைவில் கொண்டுவந்து பழைய கணினியில் இரட்டைக் கிளிக், ‘இன்ஸ்டோல் சேர்டிஃபிகேட்’.
3. எங்கே வைப்பது என்று கேட்கும்போது தானாகத் தெரிவுசெய்ய விடாமல், ‘பிளேஸ் ஓல் சேர்டிஃபிகேட்ஸ் இன் த ஃபொலோயிங் ஸ்டோர்’, ‘பிரௌஸ்’, ‘டிரஸ்டட் ரூட் சேர்டிஃபிகேஷன் ஓதோரிட்டீஸ்’. விட்டுவிட்டால் பல வேளை தவறான பெட்டிக்குள் போய்விடும்.
4. கடைசியில் விண்டோஸ் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை காட்டி, ‘தம்ப்பிரின்ட்’ என்ற நீண்ட எழுத்து வரிசையைக் கொடுக்கும். ‘யெஸ்’ அழுத்துமுன் அதைப் பாருங்கள். சி, ஏ, பி, டி, 2, ஏ, 7, 9 என்று தொடங்கி 2, 9, ஏ, 5, இ, 8 என்று முடிய வேண்டும். நடுப்பகுதியை இறக்கிய கணினியில் திறந்த அதே சான்றிதழுடன் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் ‘நோ’.

இந்த மூலம் 2035 வரை செல்லும். விண்டோஸ் 7இல் இப்படிப் போடுவது அந்தப் பயனர் கணக்குக்கு மட்டுமே. கணினியில் முதலாளிக்கும் கிளார்க்குக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தால் இரண்டிலும் செய்ய வேண்டும்.

போனில் எச்சரிக்கை இல்லை, புதிய மடிக்கணினியிலும் இல்லை, பழைய கணினியில் மட்டும் வருகிறது, மூலமும் இருக்கிறது என்றால், சேர்வர் தன் சங்கிலியின் நடுக்கண்ணியை அனுப்பவில்லை என்று சந்தேகிக்கலாம். புதிய கருவிகள் அதைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும் அல்லது முன்பே வைத்திருக்கும். ‘சேர்டிஃபிகேஷன் பாத்’ மரத்தில் ஒரே ஒரு வரி மட்டும் இருந்தால் அது உறுதி. ஹோஸ்டிங் கம்பனிக்கு ‘இன்டர்மீடியட் சேர்டிஃபிகேட் வரவில்லை’ என்று எழுதுங்கள், அவர்களுக்குப் புரியும்.

சான்றிதழில் அறியாத பெயர் இருந்தால்

‘யார் கொடுத்தது’ என்ற இடத்தில் உங்கள் அன்டிவைரஸின் பெயர் இருந்தால், அது மெயிலைத் தானே பிரித்துப் பார்த்து, தன் சான்றிதழைப் போட்டு ஒட்டி அனுப்புகிறது. அதன் செட்டிங்ஸில் மெயிலுக்கான எஸ்எஸ்எல் ஸ்கேனை நிறுத்துங்கள். இணைப்பில் வரும் வைரஸை, கோப்பு திறக்கப்படும்போது அது எப்படியும் பிடிக்கும்.

ஹோட்டல், விமான நிலையம், கோப்பிக் கடை வைஃபையில் இருக்கும்போது மட்டும் எச்சரிக்கை வருவது வேறு. உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டுவதற்காக அந்த வைஃபை இணைப்பை மறிக்கிறது. முதலில் பிரௌசரைத் திறந்து வைஃபைக்குள் நுழையுங்கள். அதற்குப் பிறகும் எச்சரிக்கை வந்தால் ‘நோ’ அழுத்தி, போனின் டேட்டாவுக்கு மாறுங்கள். உங்கள் அலுவலகத்தில் இதுவரை இல்லாமல் திடீரென்று அறியாத பெயரில் ஒன்று வந்தாலும் அதேதான்: ‘நோ’, பிறகு ஹோஸ்டிங் கம்பனிக்குத் தொலைபேசி.

எச்சரிக்கை இல்லை, மெயிலும் இல்லை

சில நாள் பெட்டியே வராது. 0எக்ஸ்800சிசிசி1ஏ என்ற பிழை மட்டும் வரும். சான்றிதழ்வரை பேச்சே போகவில்லை, இரு பக்கமும் பேசும் மொழியே ஒத்துவரவில்லை என்று அர்த்தம். டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய பதிப்புகள் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டன. இன்றைய சேர்வர்கள் 1.2 கேட்கின்றன. விண்டோஸ் 7க்கு 1.2 தெரியும், ஆனால் பேசச் சொல்லாவிட்டால் பேசாது.

சேர்விஸ் பேக் 1 இருக்க வேண்டும். விண்டோஸ் தன் உள் செட்டிங்ஸை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைப் பிரதி எடுத்துவிட்டு, ரெஜெடிட்டில் ‘எச்கேஇவை லோக்கல் மெஷின்’, ‘சிஸ்டம்’, ‘கரண்ட்கண்ட்ரோல்செட்’, ‘கண்ட்ரோல்’, ‘செக்யூரிட்டிபுரோவைடர்ஸ்’, ‘எஸ்சேனல்’, ‘புரோட்டோகோல்ஸ்’ வரை போங்கள். அங்கே ‘டிஎல்எஸ் 1.2’ என்று ஒரு புதிய கீ, எழுத்துக்கும் இலக்கத்துக்கும் நடுவில் இடைவெளியுடன். அதற்குள் ‘கிளையன்ட்’ என்று இன்னொரு கீ. அதற்குள் 32 பிட் டிவேர்ட் இரண்டு: ‘டிஸேபிள்ட்பைடிஃபோல்ட்’ மதிப்பு 0, ‘எனேபிள்ட்’ மதிப்பு 1. பெயர்கள் ஆங்கில எழுத்தில், ஒவ்வொன்றும் இடைவெளி இல்லாமல். கணினியை மீள ஏற்றுங்கள். பெரும்பாலும் இதோடு மெயில் இறங்கத் தொடங்கும்.

இந்த இடத்தில் சில திருத்துநர்கள் குறுக்கு வழி எடுப்பார்கள்: எஸ்எஸ்எல்லை நீக்கி, இலக்கத்தை 110க்கும் 25க்கும் மாற்றிவிடுவார்கள். எச்சரிக்கை போகும், மெயில் வரும், காசும் வாங்கிப் போவார்கள். பாஸ்வேர்ட் மட்டும் அன்றிலிருந்து வெட்டவெளியில் போய்வரும். திருத்திக் கொடுத்த கணினியில் ‘அட்வான்ஸ்ட்’ பக்கத்தைத் திறந்து இலக்கங்களை ஒருமுறை பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

தண்டர்பேர்ட்

தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் மென்பொருளுக்கு விண்டோஸின் பட்டியலோ விண்டோஸின் டிஎல்எஸ்ஸோ தேவையில்லை. இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே மேலே சொன்ன மூலச் சான்றிதழ் வேலையும் ரெஜிஸ்ட்ரி வேலையும் இதற்குப் பொருந்தாது. பெரும்பாலும் பதிப்பைப் புதுப்பித்தாலே போதும். விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பதிப்பு 115, எக்ஸ்பியில் 52.

இதில் எச்சரிக்கை ‘அட் செக்யூரிட்டி எக்ஸெப்ஷன்’ என்று வரும், ‘நிரந்தரமாக வைத்துக்கொள்’ என்ற தெரிவோடு. நிரந்தரம் என்பது அந்த ஒரு சான்றிதழ் இருக்கும் வரைதான். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழின் ஆயுள் 90 நாள். மற்ற வழங்குநர்களுக்கும் உச்ச எல்லை 398 நாளாக இருந்தது, 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பெட்டி திரும்ப வரும். விதிவிலக்குக் கொடுத்துத் தப்பும் வழி வருடாவருடம் குறுகிக்கொண்டே போகிறது. பெயரைச் சரிசெய்வதுதான் வழி. முன்பு கொடுத்த விதிவிலக்குகளை ‘மனேஜ் சேர்டிஃபிகேட்ஸ்’ உள்ளே ‘சேர்வர்ஸ்’ பக்கத்தில் அழிக்கலாம்.

எங்கே நிறுத்துவது

விண்டோஸ் எக்ஸ்பியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்றால் இனிச் செலவழிக்க வேண்டாம். அதற்கு டிஎல்எஸ் 1.2 வராது. விண்டோஸ் லைவ் மெயிலுக்கு ஆதரவு 2017 ஜனவரியிலும், அவுட்லுக் 2007க்கு அதே வருடம் ஒக்டோபரிலும், அவுட்லுக் 2010க்கு 2020 ஒக்டோபரிலும் நின்றுவிட்டது. மேலே சொன்னவை இவற்றை இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டும். புதிய ஓட்டைகளை அடைக்காது.

சான்றிதழ் சரியாகி, பிறகு பாஸ்வேர்ட் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் அது தனிக் கதை. ஜிமெயில் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 முதல் சாதாரண பாஸ்வேர்ட் பழைய மென்பொருளில் வேலை செய்யாது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ‘ஆப் பாஸ்வேர்ட்’ ஒன்று எடுத்து அவுட்லுக்கில் போட வேண்டும். ஹொட்மெயில், அவுட்லுக் டொட் கொம் முகவரிகளுக்கு அந்த வழியும் இல்லை; 2024 செப்டெம்பர் 16 முதல் புதிய வகை உள்நுழைவு மட்டும்தான். அதைத் தெரிந்த மென்பொருள் வேண்டும், தண்டர்பேர்டுக்குத் தெரியும்.

மாறுவதென்றால் தண்டர்பேர்டை அதே விண்டோஸ் 7 கணினியில் அவுட்லுக்குக்குப் பக்கத்திலேயே போடுங்கள். பழைய மெயில்களை இறக்குமதி செய்யும்போது அவுட்லுக் அந்தக் கணினியில் இருக்க வேண்டும். நீக்கிவிட்டால் பிஎஸ்டி கோப்பைத் தண்டர்பேர்ட் தனியே திறக்காது. கணக்கை ஐமேப் முறையில் சேருங்கள். அவுட்லுக் பொப்3 முறையில் இன்னும் ஓடுமானால் அதன் ‘அட்வான்ஸ்ட்’ பக்கத்தில் ‘லீவ் எ கொப்பி ஒஃப் மெசேஜஸ் ஒன் த சேர்வர்’ என்பதில் சரி போட்டுவிட்டுத்தான் தண்டர்பேர்டைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் அவுட்லுக் மெயில்களை இறக்கி சேர்வரில் அழித்துவிடும். தண்டர்பேர்டில் இன்பொக்ஸ் வெறுமையாகக் கிடக்கும், புதிய மென்பொருள் மெயிலைத் தின்றுவிட்டது என்று பழி வரும். ஹோஸ்டிங்கில் உங்களுக்கு எத்தனை ஜிபி இடம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; பழைய அடைவுகளையெல்லாம் ஐமேப்பில் ஏற்றினால் இடம் நிரம்பி, புதிதாக வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். கடந்த இரண்டு வருட மெயில்களை மட்டும் சேர்வரில் ஏற்றி, மற்றதைத் தண்டர்பேர்டின் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ அடைவில் வைத்தால் போதும்.